விகிதமுறு கோவைச் சமன்பாடுகள் கற்பித்தலில் விலக்கப்பட்ட மதிப்பின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

பகுதியில் தெரியாத எண் இடம்பெறும் சமன்பாட்டைத் தீர்க்கையில், கிடைக்கும் விடை சில வேளைகளில் அச்சமன்பாட்டையே நிறைவு செய்வதில்லை. இது கூட்டல் கழித்தலில் நேரும் பிழையன்று. படிமுறையின் தருக்கத்தில் எழுவது. பள்ளிப் பாடநூலில் உள்ள ‘விலக்கப்பட்ட மதிப்பு’ என்னும் கருத்தைத் தீர்வின் முதல் வரியாக்க வேண்டியதன் தேவையைப் பென்னலூர்ச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விகிதமுறு கோவை, விலக்கப்பட்ட மதிப்பு, புறம்பான தீர்வு, மீச்சிறு பொது மடங்கு, பென்னலூர்

முன்னுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை அடுத்து அமைந்த ஊர் பென்னலூர். 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இங்கு இயங்குகிறது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளைச் சுருக்கக் கற்கும் மாணவர், பொறியியல் பயிலச் சென்றால் அதே கோவைகளை எந்திரங்களின் இயக்கத்தை விவரிக்கும் சார்புகளாக மீண்டும் காண்கிறார். பள்ளியில் படிந்த பழக்கமும் அவருடன் செல்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்வழி மாணவருக்கு முதல் இடர் சொல்லிலேயே உண்டு. நன்னூல் கூறும் பகுபத உறுப்புகளுள் ‘பகுதி’ என்பது சொல்லின் முதல்நிலை. கணித வகுப்பிலோ அது பின்னத்தின் கீழே நிற்பது. ‘தொகுதி’ என்றவுடன் சட்டமன்றத் தொகுதி நினைவுக்கு வருவதும் இயல்பே. எனினும் வேர்ப்பொருளை எடுத்துக்காட்டினால் இவ்விடரே துணையாகிவிடும். முழுமையை எத்தனையாகப் பகுத்தோம் என்பதைக் காட்டுவது பகுதி. அவற்றுள் எத்தனையைத் தொகுத்தோம் என்பதைக் காட்டுவது தொகுதி. ஒன்றைச் சுழிக் கூறுகளாகப் பகுத்தல் பொருளற்றது. பகுதி சுழியாகலாகாது என்னும் விதியை மனப்பாடம் செய்யாமலே மாணவர் இவ்வாறு எட்டக்கூடும்.

புறம்பான தீர்வு தோன்றும் இடம்

பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தெரியாத எண்ணை ‘யா’ எனக் குறித்தார். அக்குறியீட்டையே இங்கும் கொள்ளலாம்.

1/(யா−2) + 1/(யா+2) = 4/(யா²−4)

இருபுறமும் மீச்சிறு பொது மடங்கான (யா²−4) ஆல் பெருக்கினால் 2யா = 4; அதாவது யா = 2. இவ்விடையை மூலச் சமன்பாட்டில் இட்டால் இரண்டு பகுதிகள் சுழியாகின்றன. ஆகவே இச்சமன்பாட்டிற்குத் தீர்வில்லை. பெருக்கலில் பிழையேதும் இல்லாதபோது இவ்விடை எங்கிருந்து வந்தது என்பதே மாணவரின் நியாயமான வினா. ‘சரிபார்த்துத் தள்ளிவிடு’ என்பது அவ்வினாவுக்கு விடையாகாது.

முதல் வரி உண்மையெனில் இரண்டாம் வரியும் உண்மை. ஆனால் இரண்டாம் வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்ப, (யா²−4) ஆல் வகுத்தாக வேண்டும். அது சுழியாகும் இடத்தில் திரும்பும் வழி அடைபடுகிறது. அவ்விடத்தில்தான் புறம்பான தீர்வு நுழைகிறது. எனவே ‘யா ≠ 2, யா ≠ −2’ என்பதைப் பெருக்கத் தொடங்கும் முன்பே எழுதிவிடுவது முறை. கரும்பலகையில் ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவே.

மீச்சிறு பொது மடங்கை விடுத்துப் பகுதிகள் மூன்றின் பெருக்கற்பலனால் பெருக்கினால், 2(யா−2)²(யா+2) = 0 என வந்து, −2 என்னும் மற்றொரு புறம்பான விடையும் சேர்கிறது. பல்லுறுப்புக் கோவைகளின் மீச்சிறு பொது மடங்கு எதற்காகக் கற்பிக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வகுப்பில் கிடைப்பது அரிது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. யா/(யா+1) = 2யா/(யா+4) என்பதில் இருபுறமும் யாவை நீக்கினால் 2 மட்டுமே கிடைக்கும்; 0 என்னும் உண்மைத் தீர்வு காணாமற்போகும். சுழியாகக்கூடிய ஒன்றால் பெருக்குவது போலித் தீர்வைச் சேர்க்கலாம். வகுப்பது மெய்த்தீர்வை இழக்கச் செய்யலாம். இரண்டையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்துக் கற்பிப்பதே தக்கது.

இருவகை விலக்கு

திருப்பெரும்புதூருக்கும் சென்னைக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 40 கி.மீ. ஆலைப் பேருந்து ஒன்று மணிக்கு யா கி.மீ. வேகத்தில் வருகிறது, இரவில் 20 கி.மீ. கூடுதல் வேகத்தில் திரும்புவதால் 20 நிமிடம் மிச்சமாகிறது எனக் கொள்ளலாம்.

40/யா − 40/(யா+20) = 1/3

இது யா² + 20யா − 2400 = 0 எனச் சுருங்கி, 40, −60 என இரு விடைகளைத் தருகிறது. −60 ஐயும் மாணவர் தள்ளுவர். ஆயினும் அது புறம்பான தீர்வன்று. மூலச் சமன்பாட்டை அது முழுமையாக நிறைவு செய்கிறது. வேகம் குறையெண்ணாகாது என்னும் சூழலே அதை விலக்குகிறது. முந்தைய கணக்கில் விலக்கியது இயற்கணிதம்; இங்கு விலக்குவது பேருந்து. இரண்டையும் ‘பொருந்தாது’ என்னும் ஒரே சொல்லால் விடைத்தாளில் எழுதச் செய்வது இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

சுழியை நீக்கியதன் வரலாறும் விளைவும்

சுழியால் பெருக்கிப் பின் சுழியால் வகுத்தால் எண் மீளும் என்னும் கருத்தில் அமைந்த கணக்கொன்று லீலாவதியிலேயே (1150) உண்டு. ஓர் எண்ணைச் சுழியால் பெருக்கி, அதில் பாதியைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, சுழியால் வகுக்க 63 வருமாயின் அவ்வெண் யாது என்பது அக்கணக்கு. 14 என்பது அங்குள்ள விடை. பெருமேதையும் தடுமாறிய இடத்தில் பதினைந்து வயது மாணவர் தடுமாறுவதைக் கவனக்குறைவு எனல் பொருந்தாது.

கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதன் விளைவு கடுமையானது. ஒரு கருவியின் பரிமாற்றச் சார்பு (யா−1)/((யா−1)(யா+2)) என அமைந்தால், பொதுக் காரணியை நீக்கி 1/(யா+2) எனச் சுருக்கத் தோன்றும். சுருக்கிய வடிவம் நிலைத்தன்மை உடையதாகவே காட்சியளிக்கும். ஆனால் யா = 1 என்னும் விலக்கப்பட்ட மதிப்பு, காலத்தோடு பெருகிச் செல்லும் ஓர் அசைவைக் குறிப்பது. அது வெளியீட்டில் தென்படாமலே கருவியின் உள்ளே வளரக்கூடும். மேலும், தாளில் துல்லியமாக நீங்கும் காரணிகள் ஆலையில் அவ்வாறு நீங்குவதில்லை. 1 என்று கொண்ட அளவு நடைமுறையில் 1.01 ஆக இருப்பின், மறைந்திருந்த பெருக்கம் வெளியீட்டிலும் தோன்றிவிடும்.