எக் தீவு

ஸ்காட்லாந்து நாட்டின் மேலைக் கடற்கரையை அடுத்துச் சிறிய தீவுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று எக். அது 9 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமுமே உடையது. மாலேய்க் என்னும் துறைமுகத்தினின்று புறப்படும் பயணக் கப்பல், ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக ஓடி அத்தீவினை அடையும். காண வருவோர் தம் மோட்டார் வண்டிகளைக் கொண்டு செல்வதில்லை. நடந்தோ மிதிவண்டியிலேறியோ சுற்றி வருவர்.

கப்பல் நெருங்குங்கால் முதலிற் கண்ணிற் படுவது ஸ்கூர் என்னும் கற்குன்றாகும். பன்னெடுங்காலத்திற்கு முன் எரிமலைக் குழம்பு இறுகியமையால் தோன்றிய அக்குன்று, 393 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் காட்சி அச்சமும் உவகையும் ஒருங்கே தருவது. தீவின் மேலைக் கரையில் 'பாடும் மணல்' உண்டு. உலர்ந்த மணலின்மீது அடி வைத்தால் அது கீச்சென்று ஒலிக்கும். படிகக்கல் துகள்கள் ஒன்றோடொன்று உராய்தலே இதற்குக் காரணம். மழை பெய்து நனைந்தால் பாட்டும் நின்றுவிடும். அங்கோ மழைக்குப் பஞ்சமில்லை!

கோடையில் ஒருநாள் வந்து மீள்வோர்க்கு எக் ஓர் இன்ப உலகமே. ஆயின் அங்கேயே வாழ்வோர் நிலை வேறு. 2004ஆம் ஆண்டில் புதிய துறை அமையும் வரை பெரிய கப்பல் கரையை அணுக இயலவில்லை. ஆட்களையும் பொருள்களையும் கடலிலேயே சிறு படகிற்கு மாற்றிக் கரை சேர்த்தனர்.

கடலினும் கொடியதாக இருந்தது நிலவுரிமை. தீவு முழுவதும் நெடுங்காலம் தனி ஒருவர் உடைமையாக இருந்து, கைமாறிக்கொண்டே வந்தது. 1853ஆம் ஆண்டில், ஆடு மேய்த்தற்காகக் குருலின் என்னும் ஊரின் குடிகள் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் வீடுகளின் இடிந்த சுவர்களைக் குன்றின் அடியில் இன்றும் காணலாம். பிற்காலத்திலும் குடியிருப்போர் பலருக்கு உறுதியான குத்தகை கிடைக்கவில்லை. எந்நாள் வெளியேற நேருமோ என்று அஞ்சுவோன் கூரையைப் புதுப்பிப்பானா? 500 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் 65 பேர் அளவிலேயே எஞ்சினர்.

அவர்கள் தீவையே விலைக்கு வாங்கத் துணிந்தனர். அதற்கு ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு தேவைப்பட்டது. பல நாட்டாரிடமிருந்தும் சிறு சிறு தொகைகள் வந்தன. தம் பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் பெருந்தொகை ஈந்தார். 1997ஆம் ஆண்டு சூன் திங்களில், தீவினரும் பங்கு கொண்ட அறநிலையம் ஒன்றின் கைக்கு எக் வந்தது.

அடுத்து அவர்கள் நாடியது மின்சாரம். நிலப்பகுதியினின்று கடலடிக் கம்பி இழுத்தல் பெருஞ்செலவாகும். ஆதலின் ஓடைநீர், காற்று, கதிரொளி ஆகிய மூன்றினின்றும் மின்னாற்றல் பெற்று, மின்கலங்களிற் சேமிக்கும் அமைப்பினை 2008ஆம் ஆண்டில் நிறுவினர். மூன்றும் ஒருங்கே குறையும் நாள்களுக்கு டீசல் பொறி துணை நிற்கும். வீடு ஒன்றிற்கு ஒரு நேரத்தில் 5 கிலோவாட்டே அளவு. நீர் காய்ச்சும் மின்கெண்டியையும் துணி துவைக்கும் பொறியையும் ஒருசேர இயக்கலாம். அளவு மீறினால் மின்னோட்டம் தானே நின்றுவிடும். இவ்வரம்பு எல்லா வீட்டிற்கும் ஒன்றே. பெருங்காற்று வீசி மின்சாரம் மிகும்போதோ, அது பொதுக் கட்டடங்களுக்கு வெப்பமூட்டப் பயன்படுகின்றது.

வெளியேறிய இளைஞர் சிலர் மீண்டு வந்து வீடு கட்டினர். மக்கள்தொகையும் நூறளவிற்கு உயர்ந்தது. எனினும் தீவில் தொடக்கப்பள்ளி மட்டுமே உண்டு. உயர்நிலை வகுப்பிற் பயில்வோர் மாலேய்க் நகரின் விடுதியில் தங்கி, வார இறுதியில் வீடு திரும்புவர். அன்று கடல் கொந்தளிக்குமாயின் கப்பல் வாராது. பெற்றோரும் பிள்ளைகளும் அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பர்.