வீட்டுக்குள் ஓர் ஒளிபரப்பு: பழைய நாடாக்களும் பல தொலைக்காட்சிகளும்

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் குதைபியா என்று ஒரு பகுதி உண்டு. அரண்மனையும் நாடாளுமன்றக் கட்டடமும் ஒரு பக்கம். இந்தியரும் பிற ஆசிய நாட்டவரும் நெருங்கி வாழும் சந்துகள் இன்னொரு பக்கம். 1993-இல் சன் டிவி தொடங்கி, பிறகு மொட்டை மாடிகளில் டிஷ் ஆண்டெனாக்கள் முளைப்பதற்கு முன்பு, வளைகுடாத் தமிழர்களின் வெள்ளிக்கிழமை மாலைகள் வாடகை வீடியோ கேசட்டுகளில்தான் கழிந்தன. அதே அலமாரியில் வேறு வகைக் கேசட்டுகளும் இருந்தன. விடுப்புக் கிடைக்காமல் போனவர் தங்கையின் திருமணத்தை அதில்தான் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் தன் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊரிலிருந்து வருபவரிடம் கொடுத்தனுப்பினார்.

இன்று அதே போன்ற ஒரு வீட்டில் கூடத்தில் ஒன்று, பெரியவர் அறையில் ஒன்று, பிள்ளைகள் அறையில் ஒன்று என மூன்று தொலைக்காட்சிகள் இருக்கலாம். திரைப்படங்களைத் தர எத்தனையோ நிறுவனங்கள் உள்ளன. ஆனால் அந்தத் திருமணத்தையும் அந்தக் குரலையும் எந்த நிறுவனமும் தராது. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, வீட்டின் எல்லாத் திரைகளிலும் காணும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு இணைய வேகம் தேவையில்லை. எல்லாம் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே நடப்பது.

முதலில் நாடாவை மீட்க வேண்டும்

விஎச்எஸ் ரெக்கார்டர்களைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பவை எல்லாம் பழைய கருவிகளே. வளைகுடாவின் கடலோரப் புழுக்கத்தில் நாடாவில் பூஞ்சை படிவதும் உண்டு. அப்படி வெண்படலம் தெரியும் நாடாவைக் கருவியில் போடக்கூடாது. கருவியின் தலையும் கெட்டுவிடும், அடுத்த நாடாவும் கெட்டுவிடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இந்தியா, இலங்கை, பஹ்ரைன் மூன்றும் பால் முறையைப் பின்பற்றியவை என்பதால் ஊரிலிருந்து வந்த நாடாக்களில் சிக்கல் இருக்காது. அமெரிக்க உறவினர் அனுப்பியவை என்டிஎஸ்சி முறையில் இருக்கும். அவற்றுக்கு இரண்டு முறைகளையும் ஓட்டும் கருவி வேண்டும். ரெக்கார்டரையும் கணினியையும் இணைக்க யுஎஸ்பி பதிவுக் கருவி ஒன்று போதும். நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 கிகாபைட் ஆகும். மூன்று மணி நேர நாடாக்கள் ஐம்பது இருந்தாலும் மொத்தம் 270 கிகாபைட்தான். சிறிய வன்தட்டு ஒன்றிலேயே அடங்கிவிடும்.

பெட்டகம்

கோப்புகளைச் சேர்த்து வைத்து, கேட்கும் திரைக்கு அனுப்பும் கணினிக்கு வழங்கி என்று பெயர், சர்வர் என்பார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பழைய மடிக்கணினியோ உள்ளங்கை அகலச் சிறு கணினியோ போதும். அதில் ஒரு வழங்கி மென்பொருளை நிறுவ வேண்டும். 2008-இல் வந்த பிளெக்ஸ் பலர் அறிந்தது. ஆனால் 2025 முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து தன் சேமிப்பைப் பார்க்கக் கட்டணம் கேட்கிறது. 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து கிளைத்த ஜெல்லிஃபின் முழுக்க இலவசம், அதன் மூல நிரலும் திறந்தது. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிகளில் இவை இரண்டுக்கும் செயலி உண்டு.

குடும்பப் பதிவுகளுக்கு மென்பொருளில் ‘வீட்டு வீடியோ’ என்ற வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். திரைப்பட வகையில் போட்டால், ‘கல்யாணம்’ என்ற கோப்பை அதே பெயருள்ள ஏதோ ஒரு படம் என்று நினைத்து, அதன் சுவரொட்டியை ஒட்டிவிடும். கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்குவது நல்லது: ‘1991 அத்தை திருமணம்’ என்பதுபோல. அப்போது பட்டியல் தானே கால வரிசையில் நிற்கும்.

கம்பியா, காற்றா?

படம் நின்று நின்று ஓடினால் பலரும் மென்பொருளைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் வைஃபையில் இருக்கும். வளைகுடாக் கட்டடங்களின் கான்கிரீட் கல் சுவர்கள் அலைகளைப் பெரிதும் தடுப்பவை. நெருக்கமான குடியிருப்பில் அண்டை வீடுகளின் வைஃபையும் குறுக்கிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று.

வழங்கியும் தொலைக்காட்சியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒரே படம் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது: வழங்கியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு முறை. எனவே வழங்கியை மட்டுமாவது ரவுட்டருடன் கம்பியால் இணைத்துவிடுங்கள். காற்றின் சுமை பாதியாகிவிடும். தேவைப்படும் வேகமும் அதிகமில்லை. ஒரு டிவிடியின் உச்ச அளவே நொடிக்குச் சுமார் 10 மெகாபிட். மூன்று திரைகளிலும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 30 மெகாபிட் போதும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் விடமாட்டார். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர். இரண்டு முனைகளும் ஒரே ஃபேஸில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். மும்முனை மின்சாரத்தில் அறைக்கு அறை ஃபேஸ் மாறினால் வேகம் குறையும். நீட்டிப்புப் பலகையில் செருகாமல் நேரே சுவரில் செருக வேண்டும். மற்றொரு வழி, மாடி டிஷ்ஷிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் முன்பே இழுத்துவிட்டிருக்கும் கோஆக்ஸியல் கம்பி. மோக்கா என்ற அடாப்டரை இரு முனையிலும் பொருத்தினால் அதுவே வலையமைப்புக் கம்பியாகிவிடும். ஆனால் டிஷ் இன்னும் பயன்பாட்டில் இருந்தால் அந்தக் கம்பியைத் தொட வேண்டாம். இரண்டின் அலைவரிசையும் மோதும்.

உருமாற்றாமல் ஓடட்டும்

கோப்பு எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவம் தொலைக்காட்சிக்குப் புரிந்தால் வழங்கிக்கு அதை எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டுமே. புரியாவிட்டால், ஓட ஓட வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒருவருக்காக அப்படி மாற்றுவதைச் சிறு கணினியும் சமாளிக்கும். மூன்று திரைகளும் ஒருசேரக் கேட்டால் திணறிவிடும். ஆகவே மாற்றத்தை முன்கூட்டியே ஒரு முறை செய்து வைப்பதே சிறந்தது. 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 படமும் ஏஏசி ஒலியும் எம்பி4 கோப்பில் இருந்தால் ஏறக்குறைய எந்தத் திரையும் ஏற்கும். 2000-களில் சேர்த்த டிவ்எக்ஸ் கோப்புகளையும் டிடிஎஸ் ஒலியையும் புதிய தொலைக்காட்சிகள் பல ஏற்பதில்லை. விஎச்எஸ் பதிவில் அசைவு வரும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். அவற்றையும் இப்போதே நீக்கிவிடலாம். ஆனால் மாற்றுவதற்கு முந்தைய மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

தமிழ் எழுத்துச் சிக்கல்

வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காகச் சிலர் பாட்டியின் பேச்சுக்கு ஆங்கிலத்தில் வசன வரிகள் சேர்ப்பதுண்டு. அதில் தொல்லை இல்லை. தமிழிலேயே சேர்த்தால்தான் தொல்லை: சில தொலைக்காட்சிகளில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும், சிலவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தொங்கும். கோப்பு யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திஸ்கி காலத்தில் பெயரிட்ட கோப்புகளும் பாடல் விவரங்களும் இப்போது புரியாத குறிகளாகத்தான் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அதன் பிறகும் சரியாகத் தெரியாவிட்டால் குறை தொலைக்காட்சியின் எழுத்துருவில் உள்ளது. அந்தத் திரையில் ஓர் ஆண்ட்ராய்டு பெட்டியை மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வழங்கியே எழுத்தைப் படத்தில் பதித்து அனுப்பவும் முடியும். அப்போது மேலே சொன்ன உருமாற்றச் சுமை வந்து சேரும்.

யார் பார்க்கலாம்?

தொலைக்காட்சிகளில் முன்பே அமைந்துள்ள டிஎல்என்ஏ என்ற முறையில் கடவுச்சொல் கிடையாது. ஒரே வைஃபையில் உள்ள எந்தத் திரையும் உங்கள் கோப்புகளைப் பட்டியலிடும். ஒரு வில்லாவைப் பல குடும்பங்கள் பகிர்ந்து, இணையத்தையும் பகிர்ந்து வாழும் இடங்களில் இதை மறக்கக்கூடாது. உங்கள் வீட்டு வளைகாப்பு அடுத்த அறைத் தொலைக்காட்சியில் ஓடும். அங்கே டிஎல்என்ஏ வசதியை நிறுத்திவிட்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் செயலி வழியாக மட்டுமே பாருங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு கொடுத்து, அவர்கள் எதைப் பார்க்கலாம் என்றும் வரையறுக்கலாம்.

கோடை விடுப்பில் ஊருக்குப் போகும்போது குளிர்சாதனம் அணைந்திருக்கும். பூட்டிய அறையின் வெப்பம் வன்தட்டுக்கு ஆகாது. வழங்கியை முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இரண்டாம் படி

வளைகுடாவில் வீடு என்பது விசா இருக்கும் வரைதான். வேலை முடிந்தால் சில வாரங்களில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். ஆதலால் பெட்டகமும் கைப்பெட்டியில் அடங்கும் அளவிலேயே இருக்கட்டும். எல்லாக் கோப்புகளின் இன்னொரு படி ஊரில் நம்பகமான ஒருவரிடம் இருக்க வேண்டும். ஆண்டு விடுப்பில் புதிய படியைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். ஒரே ஒரு வன்தட்டை நம்பியிருப்பதும் ஒரே ஒரு நாடாவை நம்பியிருந்ததும் ஒன்றுதான்.

இவ்வளவும் செய்த பிறகு மென்பொருளால் செய்ய முடியாத வேலை ஒன்று மீதமிருக்கும். பந்தியில் பரிமாறுபவர் யார், மணமேடைக்குப் பின்னால் நிற்கும் சிறுமி யார் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. அவர்கள் அறைத் திரையில் அந்த நாடா ஓடும்போது, அருகில் அமர்ந்து பெயர்களைக் கேட்டு, கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள். படத்தைப் பத்து ஆண்டு கழித்தும் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பெயர்களை அப்போது கேட்க ஆள் இருக்கமாட்டார்.