பிள்ளைகளை எங்கே அழைத்துப்போவது? காரைக்கால் கிராமத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 பிறந்தால் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் ஆண்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டு கரையில் இருப்பார்கள். உள்ளே நெடுங்காடு, அம்பகரத்தூர் பக்கம் போனால் பருத்தி எடுப்பைத் தவிர வயலில் பெரிய வேலை இருக்காது. பள்ளிகளுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. ஆண்டு முழுக்க ஆளுக்கொரு திசையில் ஓடுகிற குடும்பம் ஒன்றாக இருக்கக் கிடைக்கிற நாட்கள் இவை. "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகள் நச்சரிப்பதும் அப்போதுதான். பல வீடுகளில் அதற்குக் கிடைக்கிற பதில் இரண்டு: ஒன்று கடற்கரை, இல்லையென்றால் கைப்பேசி.

இத்தனைக்கும் காரைக்கால் பெரிய மாவட்டமில்லை. பரப்பு ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சம். எந்த ஊரிலிருந்தும் டவுனுக்கு வந்துவிடலாம். தூரம் இங்கே பெரிய தடையில்லை. என்ன இருக்கிறது, யாரிடம் கேட்பது, கேட்க உரிமை உண்டா என்பது தெரியாமல் போவதே தடை.

தெரியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, எல்லை. பூவத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற அறிவிப்புகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டு அரசினுடையது. அந்தத் திட்டங்கள் காரைக்காலில் குடியிருப்பவருக்குப் பொருந்தாது. காரைக்கால் சேர்ந்திருப்பது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில். இவர்களுக்கான அறிவிப்பு வர வேண்டிய புதுச்சேரியோ வடக்கே 130 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது.

இரண்டாவது, வார்டு உறுப்பினர் இல்லாத நிலை. 1968-க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் காரைக்கால் நகராட்சியையும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் ஆணையர்களும் அதிகாரிகளுமே நடத்திவருகிறார்கள். "நம்ம தெருவுக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேணும்" என்று டீக்கடையில் நின்றபடி சொல்லிவிடக்கூடிய ஆள் இல்லை. அதனால் குடும்பங்களே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேட்காமலே கிடைக்க வேண்டியவை

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதல் முகவரி அங்கன்வாடி. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடி வழியே இலவச உணவு தரப்பட வேண்டும். இதற்கு எந்த நிறக் குடும்ப அட்டை என்று பார்ப்பதில்லை. உணவு தரப்படாவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப்படி தரவும் சட்டத்தில் இடமுண்டு. தடுப்பூசி, எடை பார்த்தல், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டுமாக முன்பருவக் கல்வி எல்லாம் இதனோடு சேர்ந்தவை. நாகப்பட்டினத்திலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், அம்மா வீட்டு அங்கன்வாடியிலேயே பெயர் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். குடியிருக்கும் ஊருக்குப் பதிவை மாற்றிக்கொள்வது நல்லது.

அங்கன்வாடியே இல்லாத குடியிருப்பு என்றால்? உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று அளித்த உத்தரவு இங்கே கைகொடுக்கும். ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்பது அந்த உத்தரவு. சுய உதவிக் குழுப் பெண்கள் ஒரு மாலையில் வீடுவீடாகப் போனால் குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பட்டியல் இணைந்த மனுவுக்குத் தனி கனம் உண்டு.

அடுத்தது பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. விளையாட்டுத் திடலும், நாளிதழும் கதைப் புத்தகங்களும் கொண்ட நூலகமும் அந்தப் பட்டியலில் உண்டு. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதோடு முடிந்துபோகிற குழு என்று பலர் இதை நினைக்கிறார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதே இந்தக் குழுதான். விடுமுறையில் திடலைத் திறந்து வைக்க வேண்டும், நூலகப் புத்தகங்களை வீட்டுக்குத் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் வேறு இல்லை.

பொது நூலகங்களைப் புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. பெற்றோருக்கும் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது: மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம், 1987-ல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி. உழவர்களுக்கும் பண்ணை மகளிருக்கும் கிராம இளைஞர்களுக்கும் பயிற்சி தருவது வேளாண் அறிவியல் நிலையங்களின் அன்றாட வேலை. பயிற்சி அறிவிப்புகளைத் தெரிந்துகொள்ள நேரில் போய்ப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிந்து வைப்பது ஒரு வழி. காரைக்கால் வானொலியைக் கேட்பது இன்னொரு வழி.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நினைவில் வைக்க வேண்டும். கலை, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்கிறது அது. பூங்காவில் சாய்தளம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஊர் தரும் திருநாட்கள்

அரசு தருவது இவ்வளவு என்றால் ஊர் தருவது இன்னும் அதிகம். ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாக விழும். பிடிக்கக் கீழே நூற்றுக்கணக்கான கைகள் நீளும். மஸ்தான் சாகிபு தர்காவில் கந்தூரி, ஆகஸ்ட் 15-ல் மாதா கோயில் தேர், தை மாதத்தை ஒட்டிச் சுற்றுலாத் துறையின் கார்னிவல் விழா என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று உண்டு. எதற்கும் மதம் பார்த்துக் கூட்டம் சேர்வதில்லை. செலவும் பேருந்துக் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

எங்கே கவனம் வேண்டும்

முதலில் கடல். அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டியிருக்கிறது காரைக்கால் கடற்கரை. ஆற்றுநீர் வெளியேறும் இடங்களில் அடியில் மண் நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று முழங்கால் ஆழமாக இருந்த இடம் இன்று தலைக்கு மேல் இருக்கலாம். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற பட்டை பாதுகாப்பானது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு இறங்காமல் கயிறோ, மூடிய காலி பிளாஸ்டிக் கேனோ எறிவது உயிர் காக்கும். கூப்பிட வேண்டிய எண் 112. கடலோரக் காவல் படைக்கு 1554.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மாவட்டத்தின் மீனவக் கிராமங்கள் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தன. அன்று எச்சரிக்கை சொல்ல அமைப்பு ஏதும் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் சுனாமி எச்சரிக்கையும், உயர் அலை எச்சரிக்கையும் வெளியிடுகிறது. பிள்ளைகளோடு கிளம்புமுன் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரிடமோ கடற்கரைக் காவலரிடமோ அன்றைய எச்சரிக்கையை ஒரு வார்த்தை விசாரிக்கலாம். நில அதிர்வை உணர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். மாம்பழப் பருவமும் திருவிழாக் கூட்டமும் சேருகிற மாதம் அது. நீர்மோர்ப் பந்தலிலும் அன்னதானத்திலும் கொதித்து ஆறிய நீரா, குளோரின் கலந்ததா என்று கேட்பது பக்திக் குறைவு ஆகாது. திருவிழாத் தற்காலிகக் கடைகளுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அன்றைக்கே ஓ.ஆர்.எஸ். கரைசல் தொடங்க வேண்டும். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, கூட்டம். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சியைப் போன்ற நாட்களில் திருநள்ளாற்றில் எள் போட்டால் எள் விழாது. குழந்தையின் சட்டைப் பையில் பெற்றோரின் எண் எழுதிய சீட்டு, பிரிந்தால் சந்திக்க முன்கூட்டியே குறித்த ஓர் இடம், நளன் குளத்துப் படிகளில் விடாத கைப்பிடி ஆகிய மூன்றும் இருந்தால் பாதிக் கவலை தீரும். தனியாக நிற்கும் குழந்தையைப் பார்ப்பவர் தானே வீடு தேடிக் கொண்டுபோகாமல் காவலரிடமோ குழந்தைகள் உதவி எண் 1098-லோ சொல்ல வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

நான்காவது, ஆட்கள். கோடைக்காலப் பயிற்சி, நீச்சல் வகுப்பு, சிலம்பம், டியூஷன் என்று பல இடங்கள் விளம்பரம் செய்யும். கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டியவை வேறு: எத்தனை பெரியவர்கள் உடனிருப்பார்கள், பிள்ளையை அழைத்துப்போக யாருக்கு அனுமதி, இடையில் பெற்றோர் வந்து பார்க்கலாமா. வந்து பார்க்கக் கூடாது என்கிற இடத்தில் பிள்ளையை விடாமலிருப்பது நல்லது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் மறைப்பவர், நிறுவனத் தலைவரானாலும், 2012-ன் போக்சோ சட்டப்படி தண்டனைக்கு உரியவர். மானம் போய்விடும் என்று ஊருக்குள் பேசி முடிப்பது சட்டத்துக்கு விரோதம்.

தவறு நடந்தால்

எல்லையோர வாழ்க்கைக்குப் பெரிய நிம்மதி தரும் மாற்றம் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிறது. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். நாகூரில் நடந்தது, தமிழ்நாட்டுக்குப் போங்கள் என்று காரைக்கால் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. எண்ணிடாத முதல் தகவல் அறிக்கையாகப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது காவல் துறையின் பொறுப்பு. உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்டுப் பணம் பறிபோனால் அழைக்க 1930.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தருகிற உரிமை அது. உதவி எண் 15100.

வசதி கேட்டு மனுக் கொடுக்கும்போது ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். அங்கன்வாடி என்றால் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை; திடல், பூங்கா, தெருவிளக்கு என்றால் கொம்யூன் ஆணையர்; பள்ளி என்றால் கல்வித் துறை. எல்லாவற்றின் நகலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பக் கூடாது.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் நழுவிவிடும். "எங்கள் மனுமீது இன்ன தேதி முதல் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் கோப்பு நகல் வேண்டும்", "எங்கள் கொம்யூனில் விளையாட்டுத் திடல்களுக்காக இந்த ஆண்டு ஒதுக்கிய தொகையும் செலவழித்த தொகையும் வேண்டும்" என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. இந்த இடத்தில் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு அனுப்பிவிட்டால் முயற்சி வீணாகும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கு உரியது புதுதில்லியில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையம். முதல் மனு, அதற்கு வந்த பதில், முதல் மேல்முறையீடு ஆகியவற்றின் நகல்களை இணைத்து அங்கேதான் அனுப்ப வேண்டும்.