பாட்டியின் முட்டிக்கு எண்ணெய் போடுவது யார்?

குட்டீஸ்! தைப்பூசம் வந்தால் வடலூர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? வள்ளலார் அமைத்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகளையும் நீக்கி ஜோதி தரிசனம் காட்டுவார்கள். சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் எள் போட்டால் எள் விழாது. 1872-ம் ஆண்டு தைப்பூசத்தில் தொடங்கிய தரிசனம் இது.

"வாங்க பாட்டி, ஜோதி பார்க்கப் போகலாம்" என்று கூப்பிடுகிறீர்கள். பாட்டி என்ன சொல்கிறார்? "எனக்கு எங்கே கண்ணு நடக்க முடியுது? முட்டி தேஞ்சு போச்சு. நீங்க போயிட்டு வாங்க!"

அது என்ன முட்டித் தேய்மானம்? டாக்டர்கள் இதை 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார்கள். உங்கள் பாட்டிக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல இது. 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்தான்.

முட்டிக்குள் என்ன இருக்கிறது?

தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடம்தான் முழங்கால் மூட்டு. முன்பக்கம் வட்டமாக ஒரு சில்லு மூடியிருக்கும். எலும்பும் எலும்பும் நேராக உரசினால் என்ன ஆகும்? அப்படி ஆகாமல் இருக்க, எலும்பு முனைகளில் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு உறை இருக்கிறது. அதன் பெயர் குருத்தெலும்பு. உங்கள் மூக்கு நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வளைகிறதல்லவா? அதுவும் குருத்தெலும்புதான். முட்டியில் இருப்பது இன்னும் வழுவழுப்பான வகை. கனம் சில மில்லிமீட்டர்தான்!

மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வுப் பை உண்டு. அதிலிருந்து முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று ஒரு திரவம் சுரக்கிறது. மூட்டுக்கு எண்ணெய் இதுதான்.

இயந்திரமா, முட்டியா?

வடலூருக்குப் பக்கத்தில் நெய்வேலி சுரங்கம் இருக்கிறது. அங்கே பெரிய சக்கரத்தில் வாளி வாளியாகப் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டுகின்றன. அவற்றின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் வேண்டும். ஓட ஓடத் தேயும். தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுவார்கள். ஓடாமல் நிறுத்தி வைத்தால் தேய்மானம் மிச்சம்.

முட்டியும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். "நடக்காதீங்க பாட்டி, இன்னும் தேஞ்சிடும்" என்று பாசத்தோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது!

ஏன் என்று தெரிய, ஒரு சின்னச் சோதனை. ஒரு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டு அழுத்துங்கள். உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வரும். கையை எடுங்கள். புதுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. சாப்பாடு வேண்டுமே, என்ன செய்யும்? காலை ஊன்றும்போது அழுந்தும். தூக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சும். அந்தத் திரவத்தில்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. அதாவது, நடந்தால்தான் முட்டிக்குச் சாப்பாடு! எண்ணெய் போடுவது யார் என்று இப்போது புரிகிறதா? பாட்டியின் நடைதான்.

பிறகு ஏன் வலி?

வயது கூடும்போது குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது. தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் சக்தி அதற்கு மிகக் குறைவு. ஓரங்களில் எலும்பு முளைபோல வளர்கிறது. சவ்வு வீங்குகிறது. தொடைத் தசையும் பலம் இழக்கிறது. ஆக, குருத்தெலும்பு மட்டும் அல்ல, மூட்டு முழுவதுமே நோயில் சிக்குகிறது. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. வலி தெரிவது எலும்பிலும் சவ்விலும்தான்.

பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. உடல் எடை கூடினாலும், இளம் வயதில் முட்டியில் பலத்த அடி பட்டிருந்தாலும் வர வாய்ப்பு அதிகம். கபடி ஆடும் வீரர்களே, முட்டி வீங்கினால் அம்மாவிடம் மறைக்காதீர்கள்!

என்ன செய்யலாம்?

எடை குறைப்பது பெரிய உதவி. கூடுதல் எடை உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

அடுத்தது பயிற்சி. பாட்டியை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு காலை நேராக நீட்டி, நீங்கள் ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து, மெதுவாக இறக்கட்டும். இப்படிப் பத்துமுறை. பிறகு அடுத்த கால். தொடைத் தசை பலமானால் அது முட்டியின் சுமையைத் தாங்கிக்கொள்ளும். வலி அதிகமானால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும். கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடுவது கூடாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

எதற்கும் கட்டுப்படாத வலி என்றால் அறுவை சிகிச்சை இருக்கிறது. கெட்டுப்போன பரப்பை நீக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டைப் பொருத்துவார்கள். பிரதமராக இருந்தபோதே வாஜ்பாய்க்கு 2000-ல் ஒரு முழங்காலிலும், 2001-ல் மற்றொன்றிலும் மும்பையில் இந்தச் சிகிச்சை நடந்தது.

சொடக்கு போட்டால் மூட்டு தேயுமா?

"விரலில் சொடக்கு எடுக்காதே, மூட்டு தேயும்" என்று திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அமெரிக்க டாக்டர் டொனால்ட் அங்கர் இதைச் சோதிக்க, 60 ஆண்டுகளுக்கும் மேலாக இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்தார். வலது கையைச் சும்மா விட்டார். கடைசியில் இரண்டு கைகளிலுமே மூட்டு நோய் இல்லை! இதற்காக 2009-ல் அவருக்கு, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. ஒரே ஒருவரிடம் செய்த சோதனைதான் இது. ஆனாலும் அவருடைய பொறுமைக்கு ஒரு 'ஓ' போடலாம்!

சரி, பாட்டி விஷயத்துக்கு வருவோம். டாக்டர் சம்மதித்தால், இன்று மாலையே பாட்டியைத் தெருமுனை வரை கூட்டிப் போங்கள். நீங்கள் ஓடாதீர்கள். அவர் நடைக்கு நீங்கள் நடங்கள். வலித்தால் திண்ணையில் உட்கார்ந்து கதை கேளுங்கள். நாளைக்கும் அதே தூரம். பழகிய பிறகு இரண்டு வீடு கூடுதலாக.

பாட்டியின் முட்டி பழையபடி புதிதாகிவிடாது. ஆனால் வலி குறையும், தைரியம் வரும். அடுத்த தைப்பூசத்துக்குப் பெருவெளியில் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு பாட்டியும் ஜோதி பார்ப்பார்.

எங்கே, செருப்பை எடுத்து வையுங்கள் பார்ப்போம்!