8 தேர்தலில் 7 வெற்றி, கடைசியில் சீட் இல்லை: கும்பளங்கி கே.வி.தாமஸின் வாக்குக் கணக்கு சொல்வது என்ன?

கும்பளங்கி என்றதும் நம்மில் பலருக்கு 2019 பிப்ரவரியில் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படம்தான் ஞாபகம் வரும். அடுத்த மாதமே அந்த ஊர்க்காரர் ஒருவர் கேரளச் செய்திகளில் அடிபட்டார். எர்ணாகுளத்தின் எம்.பி.யாக இருந்த கே.வி.தாமஸுக்கு காங்கிரஸ் மறுபடி சீட் தரவில்லை.

அதுவரை மக்களவை, சட்டமன்றம் இரண்டும் சேர்த்து 8 தேர்தலில் நின்று 7-ல் ஜெயித்தவர் அவர். அவரை ஒதுக்கிவிட்டு நின்ற தேர்தலில் காங்கிரஸின் வாக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அப்படியென்றால் இத்தனை வருடம் விழுந்த ஓட்டு யாருடையது? தாமஸுடையதா, கட்சியுடையதா?

எண்களை வரிசையாகப் பார்க்கலாம்.

யார் இந்த தாமஸ்?

1946-ல் கும்பளங்கியில் பிறந்தவர். தேவராவில் உள்ள சேக்ரட் ஹார்ட் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அதனால்தான் ஊரில் இன்றும் 'தாமஸ் மாஷ்'. மலையாளத்தில் மாஷ் என்றால் வாத்தியார். தன் ஊரைப் பற்றி 'என்டெ கும்பளங்கி' என்று புத்தகமும் எழுதியிருக்கிறார்.

கும்பளங்கி கொச்சி மாநகராட்சிக்கு வெளியே, காயல் சூழ்ந்த ஒரு பஞ்சாயத்து. ஆனால் மக்களவைத் தேர்தலில் நகரத்தோடு சேர்ந்து எர்ணாகுளம் தொகுதிக்குத்தான் ஓட்டுப் போடுகிறது.

அவருடைய தேர்தல் பயணம் சுருக்கமாக:

- 1984, 1989, 1991: எர்ணாகுளம் மக்களவை, தொடர்ந்து 3 வெற்றி
- 1996: அதே தொகுதியில் தோல்வி
- 2001, 2006: எர்ணாகுளம் சட்டமன்றத் தொகுதி, 2 வெற்றி
- 2009, 2014: மறுபடி மக்களவை, 2 வெற்றி
- 2019: சீட் இல்லை

ஒரே ஒரு தோல்வி, 13 வருட இடைவெளி

1996-ல் தாமஸைத் தோற்கடித்தவர் சேவியர் அரக்கல். 1980-ல் இதே எர்ணாகுளத்தில் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்தவர், இந்த முறை இடது முன்னணி ஆதரவு சுயேச்சை.

1984-க்குப் பிறகு இந்தத் தொகுதியை இடது முன்னணி கைப்பற்றியது 4 முறைதான்: 1996, 2004 பொதுத் தேர்தல்கள், 1997, 2003 இடைத்தேர்தல்கள். நான்கு முறையும் ஜெயித்தது முன்னணி ஆதரவு பெற்ற சுயேச்சைகள். முதலில் அரக்கல், அடுத்த மூன்று முறையும் செபாஸ்டியன் பால். சி.பி.எம். சின்னத்தில் நின்றவர்கள் இந்தக் காலகட்டத்தில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. எனவே இங்கே வேட்பாளர் யார் என்பதும் கொஞ்சம் வேலை செய்கிறது என்று சொல்லலாம். லத்தீன் கத்தோலிக்கர்கள் கணிசமாக உள்ள தொகுதி இது. இரு முன்னணிகளும் அதை மனதில் வைத்துத்தான் ஆளைத் தேடுகின்றன. தாமஸ், அரக்கல், பால் மூவருமே அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு மக்களவை சீட் தாமஸிடமிருந்து ஜார்ஜ் ஈடனுக்குப் போனது. அவர் 1998-லும் 1999-லும் ஜெயித்தார். தாமஸ் சட்டமன்றத்துக்கு நகர்ந்து, 2001-ல் ஏ.கே.ஆண்டனி அரசில் மீன்வளம், சுற்றுலா துறைகளின் அமைச்சரானார். கும்பளங்கி மாதிரி சுற்றுலா கிராமமாக வளர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

2009, 2014: வித்தியாசம் ஏன் எகிறியது?

2009-ல் சி.பி.எம்.மின் சிந்து ஜோயை தாமஸ் வெறும் 11,790 ஓட்டில் ஜெயித்தார். கேரளாவின் 20 தொகுதிகளில் காங்கிரஸ் முன்னணி 16-ஐ அள்ளிய தேர்தல் அது. 2014-ல் முன்னணி 12 தொகுதிக்கு இறங்கியது. ஆனால் தாமஸின் வித்தியாசம் 87,047 ஆக ஏறியது. அப்போது அவர் மத்திய இணை அமைச்சர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தனிநபர் செல்வாக்கு மாதிரி தெரியும். உள்ளே போனால் வேறு கதை. தாமஸ் வாங்கிய ஓட்டு 3,42,845-லிருந்து 3,53,841 ஆனது. கூடியது 10,996 மட்டுமே. எதிரே இடது முன்னணி ஓட்டு 3,31,055-லிருந்து 2,66,794 ஆகச் சரிந்தது. இழந்தது 64,261. அதாவது கூடுதல் வித்தியாசத்தில் சுமார் 85 சதவீதம் எதிராளி தேய்ந்ததால் வந்தது.

அந்த முறை இடது முன்னணி நிறுத்தியது அரசியலுக்குப் புதியவரான முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி கிறிஸ்டி பெர்னாண்டஸை. ஆம் ஆத்மி சார்பில் நின்ற அனிதா பிரதாப், விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனைப் பேட்டி எடுத்ததால் தமிழர்களுக்கும் தெரிந்த பத்திரிகையாளர். அவரும் சுமார் 51 ஆயிரம் ஓட்டு வாங்கினார். பா.ஜ.க.வும் வளர்ந்தது.

அவர் இல்லாத 2019

2019-ல் தாமஸுக்குப் பதில் நின்றவர் ஹிபி ஈடன், ஜார்ஜ் ஈடனின் மகன். தாமஸ் முதன்முதலில் எம்.பி. ஆனபோது ஹிபிக்கு வயது ஒன்று!

ஹிபி வாங்கியது 4,91,263 ஓட்டு. சி.பி.எம்.மின் பி.ராஜீவைவிட சுமார் 1.69 லட்சம் அதிகம். ராகுல் காந்தி வயநாட்டில் நின்றது, சபரிமலை விவகாரம் என்று காங்கிரஸ் முன்னணி 19 தொகுதிகளை ஜெயித்த வருடம் அது. எனவே முழுப் புகழும் ஹிபிக்குச் சேராது. ஆனால் தாமஸ் இல்லாததால் நஷ்டம் என்று காட்ட ஒரு எண்கூட இல்லை. 2024-ல் ஹிபியின் வித்தியாசம் 2,50,385.

பக்கம் மாறினார், ஓட்டு மாறியதா?

சீட் கிடைக்காத வருத்தத்தை தாமஸ் மறைக்கவில்லை. 2021-ல் மாநில காங்கிரஸின் செயல் தலைவர் பதவி வந்தது. அதுவும் நீடிக்கவில்லை. 2022 ஏப்ரலில் கண்ணூரில் நடந்த சி.பி.எம். மாநாட்டுக் கருத்தரங்குக்குப் போகக் கூடாது என்று கட்சி சொல்லியும் போனார். பினராயி விஜயனோடும் நம்ம ஊர் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலினோடும் ஒரே மேடையில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் திருக்காக்கரை இடைத்தேர்தலில் இடது முன்னணிக்குப் பிரசாரம் செய்யக் கிளம்ப, காங்கிரஸ் அவரை நீக்கியது.

திருக்காக்கரை என்றால் காக்கநாடு இன்ஃபோபார்க் இருக்கும் தொகுதி. 2021-ல் காங்கிரஸின் பி.டி.தாமஸ் இங்கே 14,329 ஓட்டில் ஜெயித்திருந்தார். அவர் மறைந்தபின் நடந்த இடைத்தேர்தலில் மனைவி உமா தாமஸ் 25,016 ஓட்டில் ஜெயித்தார். அனுதாபம் ஒரு காரணம்தான். ஆனால் கே.வி.தாமஸ் போன பக்கம் ஓட்டும் போனதற்கான தடயம் இந்த எண்களில் இல்லை.

2023 ஜனவரியில் கேரள அரசு அவரை டெல்லியில் தன் சிறப்புப் பிரதிநிதியாக, கேபினட் அந்தஸ்தோடு நியமித்தது. முன்பு அந்தப் பதவியில் இருந்த ஏ.சம்பத், 2019 தேர்தலில் தோற்ற சி.பி.எம். எம்.பி.

அப்போ தனி செல்வாக்கே கிடையாதா?

உண்டு. ஆனால் அது வாக்குச்சாவடியைவிட கட்சிக்குள் அதிகம் வேலை செய்தது. 35 வருடத்தில் 8 முறை சீட் வாங்குவது சின்ன விஷயமில்லை. கிடைத்த பதவிகளில் அவர் வேலையும் செய்தார். 2011 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தவர் தாமஸ்தான். அது 2013-ல் சட்டமாகி, 2016 நவம்பரில் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்தது. உங்கள் வீட்டு ரேஷன் அட்டை வரை அதன் பாதிப்பு உண்டு.

நமக்கு இதில் என்ன?

கட்சி ஓட்டு இவ்வளவு உறுதியாக இருக்கும் தொகுதியில், எம்.பி. யார் என்பது பெரும்பாலும் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் வாக்காளருக்கு நேரடிப் பங்கு இல்லை. எர்ணாகுளத்தில் 73 வயதுக்காரர் விலகி 36 வயதுக்காரர் வந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வந்தவரும் அதே தொகுதியின் முன்னாள் எம்.பி.யின் மகன்.

அமெரிக்காவில் பிரைமரி என்ற பெயரில் கட்சி வேட்பாளரையே வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு படி கிடையாது. அதனால் உங்கள் தொகுதியில் அடுத்த முறை பட்டியல் வரும்போது, யார் ஜெயிப்பார் என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இந்தப் பெயரை யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்?