ஒரகடத்தில் முதல் வருஷம்: இலக்கை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம்?

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. 'கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி, ஒரகடம்' என்று ஸ்டேட்டஸும் போட்டாச்சு. அடுத்து என்ன?

சேர்ந்து சில மாதங்களில் ஹெச்.ஆர். ஒரு படிவத்தை நீட்டுவார்களாம். "இந்த வருஷத்துக்கு உங்க கோல் என்ன?" என்பதுதான் அதில் முதல் கேள்வி. 'கடினமாக உழைப்பேன், டீமோடு ஒத்துழைப்பேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த சீனியர்கள் நமக்கு நிறைய பேர் உண்டு. வருஷக் கடைசியில் அப்ரைசலில் உட்கார்ந்தால், அவர்கள் உழைத்தது உண்மை, ஆனால் அதைக் காட்டத்தான் ஒன்றும் இல்லை. நாம அந்த நாற்காலியில் உட்காரும் முன்னாடி கொஞ்சம் யோசிச்சுடலாமே!

'முடிஞ்சதைச் செய்' ஏன் போதாது?

எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு கேரி லேதம் என்பவரோடு சேர்ந்து 1990-ல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: 'உன்னால் முடிந்ததைச் செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் நன்றாகச் செய்கிறார்கள்.

காரணம் சுலபம். 'முடிந்தது' என்பதற்கு அளவு கிடையாது. பாதியில் நிறுத்தினாலும் 'என்னால இவ்வளவுதான் முடிஞ்சது' என்று மனசு சமாதானம் சொல்லிவிடும். எண் ஒன்று முன்னால் இருந்தால் அந்தச் சமாதானம் செல்லாது.

ஆனால் இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இலக்கை நாம் மனதார ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான திறமை இருக்க வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று அவ்வப்போது தெரிய வேண்டும். வேலையே புதுசு என்றால், 'இவ்வளவு செய்து முடிப்பேன்' என்பதைவிட 'இத்தனை வழிகளைக் கற்றுக்கொள்வேன்' என்ற இலக்குதான் பலன் தரும். டிரெய்னிகளுக்கு இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம்.

நாலு மணி நேரம், மூணு நிமிஷம்

புரொடக்‌ஷன் படித்தவர்களுக்கு ஷிகியோ ஷிங்கோ பெயர் தெரிந்திருக்கும். 1969-ல் டொயோட்டா ஆலையில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் அதை 2 மணி நேரத்தில் செய்துகொண்டிருந்தது. ஷிங்கோவும் ஆலைக்காரர்களும் ஆறு மாதம் பாடுபட்டு அதை 90 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் நிர்வாகம் திரும்ப வந்து, "3 நிமிடமாக்குங்கள்" என்றது.

90-ஐ 80 ஆக்கச் சொல்லியிருந்தால், ஆட்களைக் கொஞ்சம் வேகமாக ஓடச் சொல்லியிருப்பார்கள். 3 நிமிடம் என்றதும் ஓடிப் பயனில்லை, வேலை செய்யும் முறையையே மாற்றியாக வேண்டும். ஷிங்கோ வேலைகளை இரண்டாகப் பிரித்தார். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிறவை ஒரு பக்கம், ஓடும்போதே செய்யக்கூடியவை மறுபக்கம். முடிந்த வரை எல்லாவற்றையும் இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளினார். மூன்று மாதத்தில் 3 நிமிடம் கைகூடியது.

நம்ம மெஸ்ஸிலேயே இதைப் பார்க்கலாம். முதல் ஈடு இட்லி வேகும்போதே அடுத்த ஈட்டுக்குத் தட்டில் மாவு ஊற்றி வைத்துவிடுவார்கள். கொப்பரை சும்மா இருப்பதே இல்லை.

இலக்கு நாம் இப்போது செய்யும் முறையிலேயே எட்டிவிடக் கூடியதாக இருந்தால், அது நமக்குப் புதிதாக எதையும் கற்றுத் தராது.

பக்கத்திலேயே ஒரு உதாரணம்

ராயல் என்ஃபீல்டு 2000-ஆம் ஆண்டு வாக்கில் மாதத்துக்குச் சுமார் 2,000 பைக்தான் விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரம். 26 வயது சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். பிறகு, ஐஷர் குழுமத்தின் கையில் இருந்த 15 தொழில்களில் 13-ஐக் கைவிட்டு, பைக், டிரக் இரண்டில் மட்டும் கவனம் வைத்தார்கள். திருவொற்றியூர் ஆலை போதாமல் 2013-ல் ஒரகடத்தில் உற்பத்தி தொடங்கியது. 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

பெரிய இலக்கு வேண்டுமென்றால், எதையெல்லாம் செய்யப் போவதில்லை என்றும் முடிவெடுக்க வேண்டும். ஒரே வருஷத்தில் சிக்ஸ் சிக்மா, பைத்தான், ஜெர்மன் மொழி, கேட் பரீட்சை என்று நாலையும் எழுதி வைத்தால் நாலும் நடுவழியில் நிற்கும்.

சரி, படிவத்தில் என்ன எழுதுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் லைனில் ஷிஃப்டுக்கு ஒரு தடவை டை மாற்றம், தடவைக்கு 60 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 20 ஆக்கினால் 40 நிமிடம் மிச்சம். நாளுக்கு 3 ஷிஃப்ட், மாதம் 25 நாள் என்றால் 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம்! 'டிசம்பருக்குள் டை மாற்ற நேரத்தை 60-லிருந்து 20 நிமிடமாக்குவேன்' என்று எழுதினால் அது இலக்கு.

அதற்கு முன்படியாக, 'முதல் மூன்று மாதத்தில் மூன்று ஷிஃப்டிலும் நின்று 30 டை மாற்றங்களைப் பார்த்து நேரம் குறிப்பேன்' என்பது கற்றல் இலக்கு. முதல் வருஷத்தில் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த மெஷினோடு பத்து வருஷமாக நிற்கும் ஆப்பரேட்டர் அண்ணனிடம் நோட்டோடு போய் நில்லுங்கள். நம்ம டிகிரி சொல்லித் தராததை அவர் சொல்லித் தருவார். சேமித்த நேரத்தின் பாராட்டில் அவர் பெயரும் இருக்கட்டும்.

உயரமான இலக்கு தடுக்கி விழவும் வைக்கும்

1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஃபோர்டு, பின்டோ என்ற சின்னக் காருக்கு இலக்கு வைத்தது: எடை 2,000 பவுண்டுக்குள், விலை 2,000 டாலருக்குள், அதுவும் சீக்கிரமாக. கார் வந்தது. ஆனால் பின்னால் வந்து மோதினால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் ஆபத்தோடு வந்தது. 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. எடையும் விலையும் இலக்கில் இருந்தன, பாதுகாப்பு இல்லை.

நமக்கும் இந்தச் சோதனை வரும். 'ரிஜெக்‌ஷன் பூஜ்யம்' என்று எழுதிவிட்டு, மாதக் கடைசியில் பத்து பீஸ் தேறவில்லை என்றால், அதைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைக்கத் தோன்றும். காட்டிவிடுங்கள். மறைத்த பீஸ் நாளைக்கு யாருடைய பிரேக்கிலோ இருக்கும். அதேபோல, நீங்கள் சேமிக்கும் நிமிடங்கள் கான்ட்ராக்ட் தொழிலாளியின் டீ பிரேக்கிலிருந்து வரக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில், 'எதை விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்றும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

கடைசியா ஒண்ணு

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி, 2014 நவம்பரில் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, மறைமலை நகரில் வேலை பார்த்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. 'ஐந்து வருஷத்தில் இந்தக் கம்பெனியில் மேனேஜர்' என்பதை மட்டுமே இலக்காக வைத்திருந்தவருக்குக் கேட் மூடியதும் இலக்கும் போய்விடும். 'எந்த பிரஸ் லைனையும் 20 நிமிடத்தில் மாற்றத் தெரிந்தவன்' என்பது எந்த கேட்டுக்கும் நம்மோடு வரும்.

அதனால நண்பர்களே, பதவியை ஓரமா எழுதுங்க, திறமையை நடுவுல எழுதுங்க. பயமா இருக்கிற அளவுக்கு ஒரு எண்ணைப் போடுங்க. எழுதின படிவத்தை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த வருஷம் கம்பெனி பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்துப் பார்க்கிறப்போ, எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு உங்களுக்கே தெரியும்.