கிளட்ச் இல்லை, கியர் இல்லை: சின்ன எலக்ட்ரிக் காரில் ஒரு மலைப் பயணம்

எலக்ட்ரிக் கார் என்றவுடன் எல்லோரும் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். ஓட்டும்போது எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

சின்ன எலக்ட்ரிக் கார் நமக்குப் புதிதல்ல. பெங்களூரில் தயாரான ரேவா 2001-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போன்ற லெட்-ஆசிட் பேட்டரிகளில் அது ஓடியது. எங்கள் வீட்டில் இருப்பது 2023-ல் அறிமுகமான எம்.ஜி. காமெட். நீளம் 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இதன் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 17.3 யூனிட். மின்வாரிய பில்லில் வரும் அதே யூனிட்தான்.

அப்பாவுக்கு இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச் மிதிக்க முடியாமல் கார் ஓட்டுவதையே நிறுத்தியிருந்தார். கோவையிலிருந்து கோத்தகிரியில் உள்ள அத்தை வீட்டுக்கு அவரே மீண்டும் ஓட்டிச் செல்ல முடியுமா? மலையில் பாதியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது? இதைத் தெரிந்து கொள்ள முதலில் நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில் அமர்ந்து வந்தார்.

ஓட்டும் உணர்வு

ஸ்டார்ட் செய்தால் சத்தமே வராது. குமிழைத் திருப்பி, பெடலை அழுத்தினால் வண்டி நகரும். பெட்ரோல் இன்ஜின் வேகம் பிடித்த பிறகுதான் முழு இழுவிசை தரும். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே தருகிறது. நம் கால் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்கிறது. அது தேவையான மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புகிறது. மவுஸை நகர்த்தியதும் கர்சர் நகர்வது போல, தாமதமே தெரியாது.

காலை எடுத்தால் வண்டி தானாகவே வேகம் குறையும். அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெடுக்கென்று காலை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் முன்னே சாய்வார். மெதுவாக விடப் பழக வேண்டும்.

மலைக் கணக்கு

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோத்தகிரி சுமார் 1800 மீட்டரில். ஆட்களுடன் சேர்த்து 1000 கிலோ எடையை 1500 மீட்டர் தூக்க, பள்ளிக்கூட இயற்பியல் கணக்கின்படியே 4 யூனிட் தேவை. சாலை உராய்வு, மோட்டார் இழப்பு தனி. மீட்டர் காட்டியது இதுதான்:

கோவை: 100%
மேட்டுப்பாளையம்: 84%
கோத்தகிரி: 46%
திரும்பும்போது மேட்டுப்பாளையம்: 49%
கோவை: 32%

ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் கியர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் 33 கிலோமீட்டரில் 38% குறைவதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். இறங்கும்போது நடப்பதுதான் சுவாரஸ்யம். சாதாரண காரில் பிரேக் சூடாகி வீணாகும் சக்தி, இங்கே பேட்டரிக்குப் போகிறது. உராய்வும் காற்றும் எடுத்துக் கொண்டது போக, 3% கூடியிருந்தது.

அடுத்த வாரம் அப்பாவே ஓட்டினார். வீடு திரும்பியபோது மீட்டரில் 35%. என்னைவிட 3% மிச்சம்! அதே கார், அதே சாலை. அவர் கால் நிதானமானது, அவ்வளவுதான். முழங்கால் வலியும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

1. "இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்" என்று திரையில் வருவது, ஓட்டி வந்த விதத்தை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. மலையில் அது தாறுமாறாக மாறும். சதவீதத்தைப் பாருங்கள்.

2. மலை மேல் இரவு தங்கி சார்ஜ் செய்தால் 100% நிரப்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. இறக்கம் முழுவதும் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டி வரும்.

3. காலை எடுத்தால் வேகம் குறையும் என்பதற்காக பிரேக்கை மறந்துவிடக் கூடாது. அவசரத்துக்கு பிரேக் பெடல்தான்.

4. போகவர ஆகும் கணக்குக்கு மேல் 20% கையிருப்பு வைத்துக் கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவ் போனால் நேரான சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள். நெரிசலில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால், டிரைவர் சீட்டில் அவரையே உட்கார வையுங்கள்.